காதை எட்டாத கைகள்

பச்சை மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, செடியிலிருந்து ஆய்ந்த கையில் மண்ணும் பாலும் கலந்த ஒரு வாடை ஒட்டிக்கொள்ளும், சோப்பு போட்டாலும் போகாது. மாசி மாதம் முழுக்க எங்கள் வகுப்பே அந்த வாடையோடுதான் இருந்தது, அதாவது வகுப்புக்கு வந்த கொஞ்சம் பேர். மற்றவர்கள் அறுவடை நிலத்தில் குந்தியிருப்பார்கள். எண்பதுகளில், மயிலத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளிக்கு இரண்டே ஆசிரியர்கள்: "பெரிய வாத்தியார்" என்று நாங்கள் அழைத்த தலைமை ஆசிரியர், திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோன சரோஜா டீச்சர்.

அந்த நேரம் பார்த்து "இன்ஸ்பெக்‌ஷன்" வந்தது. முந்தின நாள் பெரிய வாத்தியார் நிலம் நிலமாகப் போய் அம்மாக்களிடம் கெஞ்சினார். "புள்ளைங்க எண்ணிக்கைய பாத்துதாம்மா கவர்மெண்டு வாத்தியாருக்கு சம்பளம் குடுக்குது. நாளைக்கு எடம் காலியா கெடந்தா டீச்சர மாத்திடுவாங்க. அப்புறம் அஞ்சு கிளாசுக்கும் நான் ஒருத்தன்தான்."

டீச்சர் போய்விடக் கூடாது என்று அம்மாவுக்கும் இருந்தது. ஐந்தாவது படித்த அக்காவை எழுத்துக்கூட்டிப் படிக்க வைத்ததே அவர்தான். ஆனால் அக்கா ஆய்கிற காய்க்குக் கூலி உண்டு. "பெரியவ வந்தா கூலி போயிடும் சார். புள்ளைங்கதானே வேணும், நடுவுலவ எப்பவும் வர்றா, கூட சின்னவனையும் அனுப்பறேன்" என்றாள், செடியிலிருந்து கையை எடுக்காமலே.

ஊரே அப்படித்தான் யோசித்திருக்கிறது. மறுநாள் நான் போனபோது பள்ளி நிறைந்திருந்தது, குளித்து, பவுடர் பூசி, அண்ணன் அக்காமாரின் சட்டை முழங்காலுக்குத் தொங்க உட்கார்ந்திருந்த பொடிசுகளால். டீச்சர் வாசலில் நின்று பார்த்தார். திருப்பி அனுப்புவதற்குள் ஜீப் வந்துவிட்டது.

அதிகாரி யாரையும் திட்டவில்லை. என் தம்பியை எழுப்பி, வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொடச் சொன்னார். ஐந்து வயது ஆகிவிட்டதா என்று பார்க்க அன்றைக்கு அதுதான் வழி, தொட்டால் ஒன்றாம் வகுப்பு. தம்பி தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான், விரல் எட்டவில்லை. அடுத்த பிள்ளைக்கும் எட்டவில்லை. விளையாட்டு என்று நினைத்து எல்லாரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கிப் போட்டுச் சிரித்தார்கள். டீச்சரும் கொஞ்சம் சிரித்தார்.

கோடை விடுமுறை முடிந்து போனபோது டீச்சர் இல்லை, விழுப்புரம் பக்கம் மாற்றிவிட்டார்களாம். ஐந்து வகுப்பும் ஒரே அறையில் உட்கார்ந்தோம். ஒரு வகுப்புக்குப் பாடம் நடக்க, மற்ற நான்கும் வாயில் விரல் வைத்திருக்கும். அக்கா ஐந்தாவதோடு நின்று மல்லாட்டைக்கே போனாள். "நானும் அனுப்பித்தானே வெச்சேன்" என்று அம்மா வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போன மாதம் ஊருக்குப் போனேன். காய் பறிக்க இப்போது மெஷின் வந்துவிட்டது, நிலத்தில் பிள்ளைகள் இல்லை. பள்ளிச் சுவரில் புதுப் படங்கள், உள்ளே இரண்டு டீச்சர்கள், எதிரே ஒரு பாய்கூட நிறையாத பிள்ளைகள். வாசலில் திண்டிவனம் இங்கிலீஷ் பள்ளியின் மஞ்சள் வேன் நின்றது. அதில் ஒரு பெண் ஏற்றிவிட்ட குழந்தைக்கு மூன்று வயதுகூட இருக்காது, கை காதை எட்டியிருக்காது.

"இந்த வருஷம் எங்க ரெண்டு பேருல ஒருத்தர மாத்திடுவாங்க மேடம்" என்றார் இளைய டீச்சர், வேனைப் பார்த்துக்கொண்டே.

அப்படியா என்றேன்.