வைக்கோல் என்று நான் கூவவில்லை

என் மச்சான் சின்னப்பன் போன வருஷம் சாகக் கிடந்தான். டாக்டர் கைவிட்டார். சாமியார் வந்து, சாகிறவர்களுக்குத் தைலம் பூசும் அவஸ்தைப் பூசுதல் கொடுத்தார். அவன் பிழைத்துக்கொண்டான். அது மாதா கொடுத்த உயிர். பங்கு மக்கள் இதை அறிய வேண்டும் என்று எழுதுகிறேன். எனக்கு மூன்றாம் வகுப்பு வரைதான் படிப்பு. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவன் விழுந்ததற்குக் காரணம் நான். அதையும் எழுத வேண்டும். அதை விட்டுவிட்டால் இது சாட்சி ஆகாது.

என் பெயர் சவரிமுத்து. ஊர் கடலூர் முதுநகர். துறைமுகத்தில் மீன் எடுத்து, சைக்கிளில் கட்டி, சிதம்பரம் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவது தொழில். சின்னப்பன் என் மனைவி புஷ்பத்தின் ஒரே தம்பி. தாய் தகப்பன் இல்லை. புஷ்பம்தான் வளர்த்தாள். அவனும் மீன் சைக்கிள் ஓட்டினான். பத்து வருஷமாக நாங்கள் சேர்ந்துதான் போவோம். நான் முன்னால், அவன் பின்னால்.

மீன் சைக்கிளில் பின்னால் வருகிறவனுக்கு வழி தெரியாது. முன்னால் போகிற கூடைதான் தெரியும். அதனால் முன்னால் போகிறவன் கூவிக்கொண்டே போக வேண்டும். பள்ளம் வந்தால் பள்ளம், மாடு வந்தால் மாடு. அவன் கூவாமல் போனால் வழி சுத்தம் என்று அர்த்தம். பின்னால் வருகிறவன் யோசிக்காமல் மிதிப்பான். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் இதுதான் பழக்கம்.

1966 தை மாதம் மூன்று நாள் சைக்கிள் பந்தயம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். முதல் நாள் கடலூரிலிருந்து சிதம்பரம் போய்த் திரும்ப வேண்டும். இரண்டாம் நாள் மறுபடி சிதம்பரம் போய் அங்கே தங்கல். மூன்றாம் நாள் குமராட்சி, காட்டுமன்னார்கோயில், ஸ்ரீமுஷ்ணம் சுற்றிக் கடலூர் வந்து சேர வேண்டும். மூன்று நாள் நேரத்தையும் கூட்டி முதல் மூன்று பேருக்குப் புது சைக்கிள். என் சைக்கிளின் பிரேம் இரண்டு இடத்தில் பற்றவைத்தது. எப்போது விட்டுப்போகும் என்று தெரியாது. விட்டுப்போனால் தொழில் போய்விடும்.

புஷ்பம் சொன்னாள். "கூடை இல்லாம ஓட்டுனா ரெண்டு பேரும் பறந்துடுவீங்க. போயிட்டு வாங்க."

பறக்கவில்லை. முதல் நாளே முட்டி கழன்றது போல் வலித்தது. பாரம் இல்லாத சைக்கிள் எனக்குப் பழக்கம் இல்லை. காற்றில் ஆடியது. ஆனாலும் விடாமல் மிதித்தேன். பழக்கத்தில் வழியெல்லாம் கூவிக்கொண்டே போனேன். பின்னால் வந்தவர்கள் சிரித்தார்கள்.

"யோவ் மீனு, வெல இன்னா? கூவிக்கினே போற?" என்றான் ஒருவன்.

சின்னப்பன் விடவில்லை. "ஓசியில வழி சொல்றாரு. வாங்கிக்கினு பேசாம வாடா" என்றான்.

இரண்டாம் நாள் முடிவில் நான் மூன்றாவது. எனக்கு அடுத்து நாலாவதாகச் சிதம்பரத்தில் படிக்கிற ஒரு மாணவன். அவனுக்கும் எனக்கும் கொஞ்ச நேரம்தான் வித்தியாசம். சின்னப்பன் ரொம்பப் பின்னால் இருந்தான். அதைப் பற்றி அவன் கவலைப்படவில்லை.

"நாளைக்கி நான் உன் பின்னாலயே வரேன் மாமா. பம்ப்பு, பஞ்சர் சொல்யூஷன் எல்லாம் என்கிட்ட இருக்கட்டும். உனக்கு எதுக்கு அந்தப் பாரம். புது சைக்கிள் நம்முளுதுதான்" என்றான்.

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்குச் சிதம்பரத்தில் எல்லோரையும் ஒன்றாக விட்டார்கள். பனி. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. முதல் இரண்டு பேர் வேகமாகப் போய் மறைந்துவிட்டார்கள். அடுத்து நான். என் பின்னால் அந்த மாணவன். அவனுக்குப் பின்னால் சின்னப்பன். குமராட்சி தாண்டி வாய்க்கால் ஓரமாகப் போகிற ரோடு. அறுவடைக் காலம். ரோட்டில் வைக்கோல் பரப்பியிருந்தார்கள். பனியில் நனைந்து கிடந்தது. என் முன் சக்கரம் வழுக்கியது. எப்படியோ பிடித்துக்கொண்டேன்.

கூவ வாய் எடுத்தேன். அப்போது அந்த மாணவன் ஞாபகம் வந்தது. அவன் எனக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறான். நான் கூவினால் அவன் ஒதுங்கிவிடுவான். கூவாவிட்டால் விழுவான்.

விழட்டும் என்று நினைத்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

பின்னால் ஒரு சத்தம் கேட்டது. சைக்கிள் விழுந்த சத்தம். எனக்குச் சந்தோஷம் வந்தது. இன்னும் வேகமாக மிதித்தேன்.

காட்டுமன்னார்கோயிலில் நிறுத்தி அட்டையில் முத்திரை போட்டார்கள். நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். அந்த மாணவன் வந்து இறங்கினான். அவன் மேல் ஒரு கீறல் இல்லை.

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. விழுந்தது யார் என்று. ஆனாலும் நான் திரும்பவில்லை. பின்னால் பந்தய வேன் வருகிறது, விழுந்தவர்களை ஏற்றிக்கொண்டு வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அங்கிருந்து ஸ்ரீமுஷ்ணம் வரை மிதித்தேன். அந்த வழி எப்படிப் போனது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஸ்ரீமுஷ்ணத்தில் நின்றபோது வேன் வந்தது. உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள். சின்னப்பன் இல்லை. டிரைவரைக் கேட்டேன். வழியில் வேறு யாரையும் பார்க்கவில்லை என்றார். மாணவனைக் கேட்டேன்.

"வைக்கோல் கெடந்துச்சே, அது வரைக்கும் என் பின்னாடிதான் வந்தாரு. அப்பறம் பனியில தெரியல. நானே விழுந்திருப்பேன், தப்பிச்சேன்" என்றான். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டான். "ரெண்டு நாளா கூவுனீங்களே அண்ணே. அங்க ஏன் கூவல?"

அவன் குத்திக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டான். சைக்கிளைத் திருப்பினேன்.

பந்தயக்காரர் ஒருவர் ஓடி வந்தார். "திரும்புனா உன்ன கணக்குல சேக்க மாட்டோம்யா. ஆள் அனுப்பிப் பாப்போம். நீ போ" என்றார். நான் நிற்கவில்லை.

வெயில் ஏறிவிட்டது. பனி இல்லை. குமராட்சிப் பக்கம் வந்தால் ரோடு முழுவதும் பத்து இடத்தில் வைக்கோல். காலையில் வழுக்கியது எது என்று தெரியவில்லை. வயலில் அறுத்துக்கொண்டிருந்தவர்களைக் கேட்டேன். யாரும் பார்க்கவில்லை. வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே குமராட்சி வரை போனேன். மறுபடி திரும்பினேன். மாதாவே, எங்கே கிடக்கிறான் என்று காட்டு என்று கேட்டேன். அதற்கு முன் நான் மனதார எதையும் கேட்டவன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வெளியே பீடி குடித்துக்கொண்டு நிற்கிறவன்.

அப்படிக் கேட்டு முடிக்கவில்லை, டயர் வெடித்தது. பம்ப்பும் சொல்யூஷனும் சின்னப்பனிடம். எனக்குக் கோபம் வந்தது. கேட்டதற்கு இதுவா என்று வாய்விட்டுத் திட்டினேன். மாதாவைத்தான் திட்டினேன். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

இருபது அடி நடந்திருப்பேன். வாய்க்கால் ஓரம் கோரை ஓர் இடத்தில் மடிந்து கிடந்தது. நடந்ததால் கண்ணில் பட்டது. தேடும்போது அதே இடத்தைச் சைக்கிளில் ஒருமுறை தாண்டிப் போயிருக்கிறேன். விலக்கிப் பார்த்தேன். ஆகாயத்தாமரைக்கு மேலே ஹேண்டில்பார் தெரிந்தது.

சின்னப்பன் அதன் கீழே கிடந்தான். மார்பு வரை தண்ணீர். தலை மட்டும் கரையில் இருந்தது. வாயில் அடிபட்டு வீங்கியிருந்தது. கூப்பிட முடியவில்லை. அவனுக்கு மேலே வண்டியும் ஆளும் போய்க்கொண்டே இருந்திருக்கிறார்கள். என்னைப் பார்த்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. சைக்கிளை அகற்றியபோதுதான் கால் எலும்பு வெளியே வந்திருப்பது தெரிந்தது.

அறுவடைக்காரர்கள் வந்து தூக்கினார்கள். மாட்டு வண்டியில் குமராட்சி, அங்கிருந்து பஸ்ஸில் சிதம்பரம் ஆஸ்பத்திரி. சேற்றுத் தண்ணீரில் கிடந்ததால் கால் கெட்டுவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகும் காய்ச்சல் இறங்கவில்லை. ஒரு வாரத்துக்கு மேல் அனலாகக் கொதித்தான். யாரையும் அடையாளம் தெரியவில்லை. ஒரு நாள் மத்தியானம் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பச் சொன்னார். சாமியார் வந்து பூசிவிட்டுப் போனார்.

நான் அங்கிருந்த சின்னக் கோயிலில் போய் உட்கார்ந்தேன். ஜெபமாலையை எடுத்தேன். ஒரு மணி கூட உருட்ட முடியவில்லை. 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்கினால், அங்க ஏன் கூவல என்று அந்த மாணவன் கேட்டதுதான் வருகிறது. எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். புஷ்பம் படியில் உட்கார்ந்திருந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"விழட்டும்னு நெனச்சீங்களா?" என்றாள்.

"நெனச்சேன்."

"தம்பின்னு தெரியாதா?"

"தெரியாது. அந்தப் பையன் விழுவான்னு நெனச்சேன்."

"அதுவும் ஒருத்தி பெத்ததுதான" என்றாள். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

பூசிய சாமியார் இன்னும் சிதம்பரத்தில்தான் இருந்தார். தேடிப் போய், செய்ததையெல்லாம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். எத்தனை வருஷத்துக்குப் பிறகு என்று எனக்கே தெரியாது. அந்த மாணவனைப் பார்த்து மன்னிப்புக் கேட்கச் சொன்னார். சரி என்றேன். பிறகு கோயிலுக்கு வந்து முழங்கால் போட்டேன். இந்த முறை ஜெபம் வந்தது. அவன் உயிரைக் கொடு, வேறொன்றும் வேண்டாம் என்று கேட்டேன்.

மறுநாள் காலையில் சின்னப்பனுக்கு வியர்த்துக் கொட்டியது. பத்து மணிக்குத் தண்ணீர் கேட்டான். டாக்டர் வந்து தொட்டுப் பார்த்தார். "நேத்துக் குடுத்த மருந்துதான் இன்னைக்கும். வேற ஒண்ணும் நான் குடுக்கல" என்றார்.

அவன் தேறியதும் அவனிடமும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். முடியவில்லை.

"நீ கூவல. செரி, ரோடு நல்லாருக்குன்னு மிதிச்சேன்" என்றான். பிறகு, "அந்தப் பையன் விழணும்னு நானும்தான் மாமா காலையிலேர்ந்து வேண்டிக்கினு வந்தேன். ஆளு மாறிப் போச்சி" என்று சிரிக்கப் பார்த்தான். வாய் இன்னும் ஆறவில்லை. வலித்தது போலிருக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவனுக்குக் கல்யாணம் பேசியிருந்தது. கல்யாண ஓலையைக் கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும், இரண்டு வாசித்தாகிவிட்டது. மூன்றாவதை வாசிக்க வேண்டாம் என்று பெண் வீட்டார் சாமியாரிடம் சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

மாணவனைப் போய்ப் பார்த்தேன். மூன்றாம் பரிசு அவனுக்குத்தான் கிடைத்தது. புது சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் சொன்னதைக் கேட்டான். துடைப்பதை நிறுத்திவிட்டான். பரவாயில்லை என்று அவன் சொல்லவில்லை. "உங்க மச்சான் எப்படி இருக்காரு?" என்று மட்டும் கேட்டான்.

புஷ்பம் எனக்குச் சோறு போட்டாள். துணி துவைத்தாள். தவக்காலம் முழுவதும் என்னோடு பேசவில்லை. ஈஸ்டர் கழித்துத்தான் பேசினாள். அதுவும் உலை வைக்கவா என்றுதான் கேட்டாள். நான் வை என்றேன்.

சின்னப்பன் இப்போது எங்களோடு இருக்கிறான். முதுநகர் ரயிலடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டுகிறான். சில நாள் யாரோடும் பேச மாட்டான். அன்றைக்கு நானும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

கஷ்டத்தில் இருக்கிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் ஒன்றை ஒளித்து வைத்துக்கொண்டு கேட்டபோது ஜெபம் வாயிலேயே நின்றுவிட்டது. உங்களிடம் அப்படி ஏதாவது இருந்தால் முதலில் அதைச் சொல்லிவிடுங்கள். யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் சொல்லுங்கள். அவமானமாகத்தான் இருக்கும். பிறகு கேளுங்கள். மாதா தள்ளிவிட மாட்டாள். திட்டியவன் நான், என்னையே தள்ளவில்லை. உயிரைக் கேட்டேன், கொடுத்தாள். காலைப் பற்றிக் கேட்க எனக்கு முகம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போகிறேன். இப்போது வெளியே நிற்பதில்லை. அவனால் முழங்கால் போட முடியாது. சுவர் ஓரம் சாய்ந்து நிற்பான். அவனுக்கும் சேர்த்து நான் போடுகிறேன்.