அண்ணனுக்கு நான் படித்துச் சொன்ன எண்கள்

பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடத்துக்கு அண்ணனின் ஒர்க்‌ஷாப் ஷட்டரை நான்தான் இறக்கினேன். இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களும் நண்பர்களும், மழைக்காக அண்ணனே இறக்கிக்கொண்டார் என்றுதான் கேள்விப்பட்டிருப்பீர்கள். அப்படிச் சொன்னதும் நான்தான்.

அண்ணன் பிறந்தது அறந்தாங்கிக்குக் கிழக்கே எங்கள் பூர்வீக ஊரில். ஐந்து பிள்ளைகளில் அவர் மூத்தவர், நான் கடைசி. ஐ.டி.ஐ. முடித்த கையோடு வளைகுடாவுக்குப் போய், அங்கே ஒரு கேரேஜில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தார். அப்பா இறந்தபோது அவருக்கு லீவு கிடைக்கவில்லை. மூன்று அக்காமார் திருமணமும் என் கல்லூரிப் படிப்பும் அவர் உழைப்பில்தான் நடந்தன. இதை ஒரு நாளும் அவர் சொல்லிக் காட்டியதில்லை. பட்டம் வாங்கியும் எனக்குச் சைக்கிள் செயின் மாட்டத் தெரியாது என்பதை மட்டும் எல்லோரிடமும் சொல்லிக் காட்டுவார்.

அந்த கேரேஜின் இரைச்சலில் அவருடைய காதுகள் போயின. ஊர் திரும்பி மணமேல்குடி சாலையில் ஒர்க்‌ஷாப் போட்டபோது வலது காது அடியோடு கேட்காது. இடது காதில் கத்திப் பேசினால் கேட்கும். பெட்ரோலையும் காற்றையும் கலந்து விடும் கார்புரேட்டர் வைத்த பழைய வண்டிகளை மற்ற மெக்கானிக்குகள் இன்ஜின் ஓடும் சத்தத்தை வைத்தே சரிசெய்துவிடுவார்கள். அண்ணனால் அது முடியவில்லை. அதற்காகவே ஒரு மீட்டர் கொண்டுவந்திருந்தார். புகைக்குழாயில் அதன் சென்சாரைப் பொருத்தினால், ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று சேர்கிறது என்று எண்ணில் காட்டும். பதினாலு, பதினாலரை என்றால் சரி. எண் ஏறினால் பெட்ரோல் போதவில்லை, இறங்கினால் அதிகம். "காது போனா என்னடா, கண்ணு இருக்குல்ல" என்பார்.

எங்கள் அப்பா வாங்கிய பெட்ரோல் கார் இன்றும் குடும்பத்தில் இருக்கிறது. மூன்று அக்காமாரும் கல்யாண மண்டபத்துக்கு அதில்தான் போனார்கள். என் மகளும் அதில்தான் போக வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். ஆனால் வண்டி நின்று நின்று ஓடியது. மண்டப வாசலில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று அண்ணனைப் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன். "வண்டி நிக்காது. நீதான் நிப்ப, சட்டையெல்லாம் வேர்த்துப் போயி" என்று சிரித்தார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, ஆட்களுக்கு லீவு. நாங்கள் இருவர் மட்டும். முதல் நாள்தான் சீட்டுகளுக்கு வெள்ளை உறை தைத்துப் போட்டிருந்தேன். மழை பிடித்துச் சாரல் உள்ளே அடித்தது. உறை நனைந்து கறையாகிவிடும் என்று ஷட்டரை இறக்கட்டுமா என்றேன். இந்த விஷயத்தில் அண்ணன் கண்டிப்பானவர். புகைக்குழாயில் நீளக் குழாய் மாட்டி வெளியே விடாமல் உள்ளே யாரும் இன்ஜினை ஓட்டக் கூடாது. அன்றும் மாட்டியிருந்தார். "புகைதான் வெளிய போகுதுல்ல, எறக்கு" என்றார். குழாய் நசுங்காமல் ஒரு சாண் இடைவெளி விட்டு இறக்கினேன்.

டிரைவர் சீட்டில் உட்கார்ந்து மீட்டரைப் பார்த்து, அவர் இடது காதுக்கு எட்டும்படி எண்ணைக் கத்திச் சொல்வது என் வேலை. பதினேழு என்றேன். அவர் கார்புரேட்டர் ஸ்குருவைத் திருப்பினார். பதினேழுதான். பெட்ரோல் அதிகம் விடும் பெரிய ஜெட்டை மாட்டினார். பதினாறரை. "இவ்வளவு குடுத்தும் பத்தலங்குதே" என்று மறுபடியும் குனிந்தார். எனக்குத் தலை வலித்தது. கல்யாணக் கவலை என்று நினைத்தேன். இன்ஜின் பக்கமிருந்து டிக் டிக்கென்று ஒரு சத்தம் விடாமல் வந்தது. பழைய வண்டி அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

நான்கு மணிக்கு மேல் மண்டபத்திலிருந்து போன் வந்தது. உள்ளே சிக்னல் சரியாக இல்லை. மீட்டரை அண்ணன் பார்க்கும்படி ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, பக்கவாட்டுக் கதவு வழியே டீக்கடைக்குப் போனேன். சாரலுக்காக அந்தக் கதவையும் சாத்தினேன். பந்திக்கு எத்தனை இலை, எத்தனை மணிக்கு முதல் பந்தி என்று அரை மணி நேரம் பேசினேன். திரும்பி வந்தபோது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் முன்சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் ஸ்குரு டிரைவர் இருந்தது. முகம் நல்ல சிவப்பாக இருந்ததால் மயக்கம்தான் என்று நம்பினேன். ஆஸ்பத்திரியில் அந்த நம்பிக்கையும் போயிற்று.

ஷட்டரைத் தூக்கி அண்ணனை வெளியே கொண்டுவந்த டீக்கடைக்காரர்களுக்கும், கொட்டும் மழையில் ஆட்டோவை நிறுத்தாமல் ஓட்டியவருக்கும், அண்ணியை ஒரு நிமிடம்கூடத் தனியே விடாத பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மணமேல்குடியிலிருந்து படகு இன்ஜினோடு அண்ணனிடம் வரும் மீனவர்கள் மறுநாள் கடலுக்குப் போகாமல் வாசலில் வந்து நின்றார்கள். அவர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை இல்லை.

அண்ணி என்னிடம் இதுவரை எதுவும் கேட்கவில்லை. கல்யாணம் தள்ளிப் போயிருக்கிறது. "எனக்கு அந்தக் கார் வேணாம்ப்பா" என்று மட்டும் மகள் சொன்னாள். இரவில் அவள் மூச்சு விடும் சத்தம் கேட்கிறதா என்று கதவருகே போய் நிற்கிறேன்.

அண்ணனின் ஒரே மகனும் வளைகுடாவில் மெக்கானிக்காக இருக்கிறான். அவனுக்கும் உடனே லீவு கிடைக்கவில்லை. தகப்பன் முகத்தைப் போனில்தான் பார்த்தான். கொள்ளியை நான் வைத்தேன்.

ஒன்பதாம் நாள் காலையில் அவன் வந்து சேர்ந்தான். பையை வைத்துவிட்டு, ஒர்க்‌ஷாப் சாவியைக் கேட்டான். நானும் போனேன். ஷட்டரை முழுக்க ஏற்றி, கதவையும் திறந்து வைத்துவிட்டு இன்ஜினை ஓட விட்டான். டிக் டிக் சத்தம் வந்த பக்கம் காதைச் சாய்த்தான். பிறகு டார்ச் அடித்து, இன்ஜினிலிருந்து புகைக்குழாய் தொடங்கும் இணைப்பைக் காட்டினான். அங்கே ஒரு விரிசல், அதைச் சுற்றிக் கரி. அதன் வழியே வெளிக்காற்று குழாய்க்குள் இழுபட்டதால்தான் மீட்டர் பதினேழு காட்டியிருக்கிறது என்றான். அதை நம்பி அண்ணன் பெட்ரோலைக் கூட்டக் கூட்ட, விஷப்புகையும் கூடி, வெளியே விட்ட குழாய்க்குப் போகும் முன்பே அதே விரிசல் வழியாகக் கசிந்து ஒர்க்‌ஷாப்புக்குள் நிறைந்திருக்கிறது.

ஷட்டரை இறக்கியது நான்தான் என்று அவனிடம்தான் முதலில் சொன்னேன். வண்டி டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. அவன் கையை நீட்டிச் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினான்.

"சித்தப்பா, அப்பாவுக்குத்தான் காது கேக்காது. இந்தச் சத்தம் ஒங்களுக்குமா கேக்கல?"