மற்ற தூண்கள்

உலகத்தில் இரண்டே வகை ஆட்கள்தான் என்பது லூர்துநாதனின் முடிவு: மாட்டிக்கொண்ட திருடன், இன்னும் மாட்டாத திருடன். அரசாங்கக் கட்டட வேலைகளை மேற்பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். கடலூரில் தங்கள் பங்குக் கோயிலின் சமூகக்கூடத்தை இடித்துக் கட்ட ஏற்பாடானபோது, மேற்பார்வையும் அவர் தலையில்தான் வந்து விழுந்தது.

ஒப்பந்தம் போட்டு முடித்த பிறகு, இன்ஜினியர் ரெபேக்கா வேலையையே மாற்றச் சொன்னாள். இடிக்க வேண்டாம், பழைய தூண்களும் தளமும் அப்படியே இருக்கட்டும், சுவர்களை மட்டும் காற்று வரும்படி மாற்றினால் போதும் என்றாள்.

"புதுசா அவ்ளோ சிமெண்டும் கம்பியும் செய்யறதுக்கு எவ்ளோ புகை போவுது தெரியுமா சார்? ஏற்கெனவே நம்ம ஊருக்கு வெள்ளமும் வெயிலும் ஜாஸ்தி."

காண்ட்ராக்டரும் தலையாட்டினார். தன் வேலை குறைவதற்குத் தலையாட்டுகிற காண்ட்ராக்டர் எந்த ஊரில் இருக்கிறான்? சோழியன் குடுமி சும்மா ஆடாது என்று லூர்துநாதனுக்கு அன்றைக்கே தூக்கம் போயிற்று.

அதைவிடப் பெரிய சந்தேகம் அந்தத் தூண்கள் மேல். இருபது வருஷத்துக்கு முன் அவற்றைக் கட்டியவன் அவருடைய மனைவி வியாகுலமேரியின் தம்பி அந்தோணிசாமி. திறப்பு விழாப் பந்தியில், "கம்பியில பாதிய முழுங்கிட்டான்" என்று ஊர் கேட்கச் சொன்னார் லூர்துநாதன்.

"இனிமே உங்க கண்ணுல படமாட்டேன் மாமா" என்று பாதிச் சோற்றில் எழுந்த அந்தோணிசாமி, சிதம்பரத்தில் போய்க் குடியேறிவிட்டான். அன்றோடு வியாகுலமேரிக்குத் தாய்வீடு அற்றுப்போனது. இப்போது அவன் மகள் ஜான்சிக்குக் கல்யாணம், பத்திரிகை வந்திருந்தது. இவர் போவதாகவும் இல்லை, மனைவியை விடுவதாகவும் இல்லை.

"தூணை உடைச்சுப் பாருங்க. கம்பி சரியா இருந்துதுன்னா ரெண்டு பேரும் கல்யாணத்துக்குப் போறோம்" என்றாள் வியாகுலமேரி.

"பாத்துடுவோம்" என்றார் அவர்.

எந்தத் தூண் என்பதையும் அவரே காட்டினார். கொத்தனார் கொத்தக் கொத்த, கண்கொத்திப் பாம்பாக நின்றார். கம்பிகள் தெரிந்தன. ரெபேக்கா பழைய வரைபடத்தை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். ஒன்றும் குறையவில்லை, துருகூட ஏறவில்லை.

வியாகுலமேரிக்கு அழுகையே வந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கெளம்புங்க" என்றாள்.

லூர்துநாதன் கம்பியைத் தொட்டுப் பார்த்தார். அநியாயமாகப் பேசிவிட்டோமோ என்று ஒரு கணம் நெஞ்சு உறுத்தத்தான் செய்தது. பிறகு மெல்லத் திரும்பினார்.

"இது சரி. மத்த தூணெல்லாம்?"

"எல்லாத்தையும் உடைச்சிட்டா அப்புறம் எதை சார் காப்பாத்துறது?" என்றாள் ரெபேக்கா.

"நீங்க உடைச்சிக்கிட்டே இருங்க. நான் எங்க வூட்டுக்குப் போறேன்" என்றாள் வியாகுலமேரி. சொன்னபடியே சிதம்பரம் பஸ்ஸைப் பிடிக்க பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.

எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவளுக்கு இவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது? யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே, லூர்துநாதன் அடுத்த தூணைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார்.