மாமனாரை அதட்டிய சல்கினாய்

நாரின் என்ற எங்கள் மலைப் பக்கத்தில் மருமகளாக வந்தவள் மாமனாரின் பெயரைச் சொல்ல மாட்டாள், அவருக்கு முதுகைக் காட்ட மாட்டாள், குரலையும் உயர்த்த மாட்டாள். சல்கினாய் பதினெட்டு வருடமாக அப்படித்தான் இருந்தாள். ஊருக்கு நர்ஸ் அவள்தான். வேலையில் புலி, வீட்டில் மட்டும் வாயில் கொழுக்கட்டை. நகரத்தில் பயிற்சி முடித்து ஒரு ரப்பர் பொம்மையோடு வந்து, தொண்டையடைத்த குழந்தையை எப்படிக் காப்பாற்றுவது என்று எங்களுக்குக் காட்டினாள். "பொம்மைய ஏன்டி அடிக்கிற, பால் குடிக்கலையா?" என்று கேலி செய்தவர்களில் நானும் ஒருத்தி.

போன இலையுதிர் காலத்தில் அவள் கொழுந்தனின் மகனுக்கு ஏழு மாதம். ஒருநாள் அவர்கள் வீட்டு விருந்துக்கு ஆடு அறுத்திருந்தார்கள்; நானும் போயிருந்தேன். பேரன் சப்பட்டுமே என்று மாமனார் ஆசையாக ஆட்டின் வால்கொழுப்பில் ஒரு துண்டை அவன் வாயில் வைத்தார். இங்கே எல்லாப் பிள்ளைகளும் அதைச் சப்பித்தான் வளர்கின்றன. ஆனால் துண்டை நூலில் கட்டி, நுனியைக் கையில் பிடித்துக்கொள்வோம். மனிதர் அன்றைக்குப் பேச்சு சுவாரசியத்தில் நூலை மறந்துவிட்டார்.

குழந்தை வாயைத் திறந்தான். அழுகை வரவில்லை. உதடு நீலம் பாய்ந்தது. கிழவர் பதறிப்போய்க் கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி உலுக்கினார்.

"உலுக்காதீங்க! இங்க கொடுங்க!"

சல்கினாய் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு திரும்பி உட்கார்ந்தாள். முன்கையில் குப்புறக் கிடத்தி, தலையைத் தாழ்த்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடியால் ஐந்து அடி.

"பச்ச மண்ணும்மா! அடிக்காத!" கிழவர் அவள் கையைப் பிடித்தார்.

"வாய மூடிட்டுத் தள்ளி நில்லுங்க மாமா!"

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அவள் பிள்ளையைத் திருப்பி மார்பின் நடுவே இரண்டு விரலால் ஐந்து முறை அழுத்தினாள். வரவில்லை. மறுபடி குப்புற. மூன்றாவது அடியில் கொழுப்புத் துண்டு விரிப்பில் விழுந்தது. பிள்ளை வீல் என்று அலறினான். அப்பாடா! போன உயிர் எங்கள் எல்லோருக்கும் திரும்பி வந்தது. நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

கிழவர் தனக்கு வைத்திருந்த ஆட்டுத் தலையை, வயதில் மூத்த ஆண்களுக்கு மட்டுமே வைக்கும் அதை, மருமகள் முன்னால் நகர்த்தினார். "நீ கத்தலைன்னா எம் பேரன நானே கொன்னிருப்பேனேம்மா" என்று விசும்பினார்.

அவள் அதைத் தொடவே இல்லை. "அழுறத அப்புறம் பாத்துக்கலாம் மாமா. பிள்ளைய டாக்டர் ஒரு தடவ பாக்கணும். வண்டிய எடுங்க."

"சரிம்மா" என்று எழுபது வயது மனிதர் சாவியைத் தேடி ஓடினார்.