ஓயுகிக்காக ஓடிய கப்பல்

ஓயுகிக்கு ஊரில் வீடு கிடையாது. எங்கள் ஏரிக்கரையில் ஓர் ஆம்பிளை தனக்கென்று ஒரு வீடு கட்டவில்லையென்றால் செத்த பிறகுதான் அதன் விலை தெரியும். வீடுள்ளவன் செத்தால் ஊரே மாடுகளை அவிழ்த்துவிடும். கொம்பு ஊதி, ஈட்டி தூக்கி, கத்திக்கொண்டே எல்லை வரைக்கும் ஓடிச் சாவைத் துரத்திவிட்டு வருவார்கள். வீடில்லாதவனை வேலி ஓரமாகப் புதைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போவார்கள்.

அலேகோவில் பிறந்த ஓயுகி வீடு கட்ட நினைத்த வயதில் வியாழன் கிரகத்துப் பக்கம் சண்டை வந்தது. போனான். திரும்பி வந்தபோது அவன் அம்மா இல்லை, நிலத்தில் தம்பி மக்கள் சோளம் போட்டிருந்தார்கள். "பெரியப்பா, எப்ப கிளம்புறீங்க?" என்று ஒருத்தன் மரியாதையாகத்தான் கேட்டான். மறுவாரமே ஓயுகி சேமப்படையில் பெயர் கொடுத்துவிட்டான்.

சேமப்படை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். சண்டை முடிந்து வந்த பழைய கப்பல்களை நிலாவுக்குப் பின்னால் வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கப்பலுக்கு ஓர் ஆள் காவல். தொட்டி நிறைய எரிபொருள், அதன் வாயில் சிவப்பு முத்திரை. மறுபடி சண்டை என்றால் வீரர்கள் வந்து ஏறிக்கொண்டு உடனே கிளம்ப வேண்டும், அதற்காக. உத்தரவில்லாமல் முத்திரையை உடைத்தால் அந்தக் கப்பல் தயார் வரிசையிலிருந்து போய்விடும். தயார் வரிசையில் இல்லாத கப்பலுக்கு மாற்று ஆள் அனுப்பமாட்டார்கள், அதில் இருப்பவர் ஊருக்குப் போவதும் நடக்காது.

ஓயுகியின் கப்பல் சிம்பி. அதற்கு அடுத்து ருசிங்கா. அதில் அபோண்டி என்று ஒரு பெண், அதே ஏரிக்கரையில் மிபிதா ஊர்க்காரி, புருஷனை அந்தச் சண்டையிலேயே பறிகொடுத்தவள். பக்கத்துக் கப்பல் என்றுதான் பெயர், கண்ணுக்கு ஒரு புள்ளியாகக்கூடத் தெரியாது. தினமும் தலைமை நிலையம் ஒவ்வொரு கப்பலாகப் பெயர் சொல்லி ஆள் இருக்கிறதா என்று கேட்கும்; அந்த வருகைக் கூப்பாடு முடிந்ததும் ரேடியோவில் இரண்டு பேரும் வாயாடுவார்கள்.

"அலேகோ பயலே, இன்னிக்கு என்ன சமையல்?"

"கருவாடுதான். உங்க மிபிதாவுல மீன்னு ஒண்ணு விக்கிறானுங்களே, அது."

"எங்க ஊர் மீனைச் சொன்னே, வாயி அழுகிடும்! உங்க ஊர்ல தவளையைத் தின்னுட்டு மீன்னு சொல்றவங்கதானே நீங்க?"

இவ்வளவுதான் பேச்சு. ஆனால் ஓயுகி நாள் முழுக்க இதற்காகவே காத்திருப்பான். முகம் பார்த்ததில்லை. அடுத்த மாற்று ஆள் வரும்போது அபோண்டி ஊருக்குப் போகிறாள், மகளுக்குக் கல்யாணம். அதைச் சொன்ன நாளில் ஓயுகி நிறையச் சிரித்துப் பேசிவிட்டு, ரேடியோவை அணைத்த பிறகு கருவாட்டைத் தொடவில்லை.

இந்தச் சமயத்தில்தான் அவன் ரேடியோ பாதி செத்தது. மற்றவர்கள் பேசுவது கேட்கும், இவன் பேசுவது போகாது. உள்ளே ஒரு சாமான் கருகிப்போயிருந்தது, அதற்கு மாற்று அவனிடம் இல்லை. இதற்காகத்தான் ஒவ்வொரு கப்பலிலும் அபாய விளக்கு வைத்திருக்கிறார்கள். அதைப் போட்டால் எல்லாக் கப்பல்களின் பலகையிலும் தெரியும். பொத்தான் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

வருகைக் கூப்பாடு வந்தது. "சிம்பி?" என்றார் தலைமை நிலைய அதிகாரி. பதில் போகவில்லை. அவர் அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

ஓயுகி பொத்தான் மேல் விரலை வைத்தான். வைத்தவன் எடுத்துவிட்டான். யார் கவலைப்படுகிறார்கள் பார்ப்போமே என்று ஒரு வீம்பு. பைத்தியக்காரன்!

மறுநாளும் பதிலில்லை. அதற்கு அடுத்த நாள் அதிகாரி, "சிம்பி காவலர் இறந்துட்டார்னு வச்சுக்குவோம். இழுவைப் படகு வரும்போது பாத்துக்கலாம்" என்றார். மற்ற கப்பல்காரர்கள் ஐயோ பாவம் என்றார்கள், அப்புறம் கால்பந்துப் பேச்சுக்குப் போய்விட்டார்கள். எல்லாவற்றையும் ஓயுகி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

அபோண்டி குரல் மட்டும் உடைந்து வந்தது. "ஐயா, நான் போய்ப் பாக்கட்டுமா?"

"எதுக்கும்மா? முத்திரையை உடைக்க உத்தரவு கிடையாது."

"அவனுக்காக ஓட யாருமில்லைய்யா. வீடில்லாத மனுஷன்."

"விதி விதிதான்மா."

அதன் பிறகு அவளும் பேசவில்லை. அவ்வளவுதான், இவளும் மறந்துவிட்டாள் என்று ஓயுகி படுத்துக்கொண்டான். செத்தவனைப் போலத்தான் கிடந்தான். பொத்தானை அமுக்க இப்போது கையே வரவில்லை.

ரேடியோ திடீரென்று அலறியது. சட்டியைக் கரண்டியால் அடிக்கிற சத்தம், நடுவில் ஒரு பெண்ணின் ஓலம். ஓயுகி விழுந்தடித்து ஜன்னலுக்குப் போனான். ஒரு கப்பல் எல்லா விளக்கையும் எரியவிட்டுக்கொண்டு நேரே வந்துகொண்டிருந்தது. ருசிங்கா!

"போ! போ சாவே! ஓயுகியை விட்டுட்டுப் போ! இவனுக்கு ஆளில்லைன்னு நெனச்சியா? நான் இருக்கேன்! மிபிதா மகள் வந்திருக்கேன்!"

சிம்பியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மாடில்லை, கொம்பில்லை, ஒரு பழைய போர்க்கப்பலும் ஒரு சட்டியும்தான். ஓயுகி ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். பிறந்ததிலிருந்து அவனுக்காக யாரும் இப்படி ஓடியதில்லை. பிறகுதான் சுரணை வந்து பொத்தானை அமுக்கினான்.

அபாய விளக்கு எரிந்ததும் சட்டிச் சத்தம் நின்றது.

கிட்டத்தில் இருந்தால் விண்வெளி உடுப்பில் உள்ள சின்ன ரேடியோ போதும். ஓயுகி அதை எடுத்தான். "அபோண்டி."

"அடப்பாவி! உயிரோடவா இருக்கே?" அவள் சிரித்தாள், அழுதாள், திட்டினாள். "என் ஈரக்குலையே நடுங்கிப்போச்சுய்யா! என்ன ஆச்சு?"

"ரேடியோ போயிடுச்சு."

"சரி, விளக்குதான் எரியுதே. அதை முதல்லயே ஏன் போடல?"

விளக்கும் கெட்டிருந்தது, இப்போதுதான் பழுது பார்த்தேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. இவளிடம் பொய் சொல்ல மனசு வரவில்லை.

"எனக்காக யாராவது வருவாங்களான்னு பாத்தேன்."

ருசிங்காவின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

"அழுதேனே, அந்த அழுகையைத் திருப்பிக் குடு" என்றாள் அபோண்டி. மாற்றுச் சாமானைக் கயிற்றில் கட்டி அனுப்பினாள். மிச்சமிருந்த எரிபொருளில் தன் இடத்துக்குத் திரும்பிப் போனாள்.

ஓயுகி தலைமை நிலையத்திடம் எல்லாவற்றையும் சொன்னான். தப்பு என்னுடையது, என்னை நீக்குங்கள் என்று கெஞ்சினான். அவனைக் கண்டித்தார்கள், அவ்வளவுதான். காலியான தொட்டி காலியான தொட்டிதான் என்றார்கள். ருசிங்கா தயார் வரிசையிலிருந்து போயிற்று. மாற்று ஆட்கள் வந்த படகு அதைத் தாண்டிப் போனது. மகள் கல்யாணத்தை அபோண்டி ரேடியோவில்தான் கேட்டாள். வரிசைக் கப்பல்கள் எல்லாமே கேட்டன.

அதற்குப் பிறகு வருகைக் கூப்பாட்டில் "ருசிங்கா?" என்றால் "இருக்கேன்" என்பாள். வேறு ஒரு சொல் கிடையாது. ஓயுகி தினமும் கூப்பிடுவான், பதில் வராது. கருவாடு, மழை, பழைய சண்டை, எதையாவது தனியாகப் பேசிக்கொண்டே இருப்பான். அவள் கேட்கிறாளா, அணைத்துவிட்டாளா, தெரியாது. அபாய விளக்கின் பொத்தானை மட்டும் தினமும் துடைத்து வைத்தான்.

மகளுக்குக் குழந்தை பிறந்த சேதி வந்த நாளில் அவளாகவே பேசினாள்.

"ஓயுகி."

அவன் ரேடியோவுக்குத் தாவினான். "சொல்லு, மிபிதா மகளே."

"இனிமே நீ நெசமாவே செத்தாலும் என்னால வர முடியாதுய்யா. தொட்டியில ஒண்ணுமில்ல."

"தெரியும்."

"உனக்கு ஓடவேண்டியது ஓடியாச்சு. இனி உனக்குக் கெடையாது."

"தெரியும், அபோண்டி."

"உன் தொட்டி நெறைஞ்சிருக்குல்ல?"

"முத்திரைகூடக் கலையல."

"அதைப் பத்திரமா வச்சிரு" என்றாள். "ஒருநாள் நான் 'இருக்கேன்'னு சொல்லலைன்னா, உத்தரவு கேக்காத. விளக்கெல்லாம் போட்டுக்கிட்டு வா. சட்டி வச்சிருக்கியா?"

ஓயுகி எழுந்து போய், இருந்த ஒரே சட்டியை எடுத்து வந்து, ரேடியோவுக்குப் பக்கத்தில் ஓங்கி ஓர் அடி அடித்துக் காட்டினான்.