நான் வெளியே அனுப்பிய எஸ்தர்

உண்மையைச் சொன்ன ஒரு பெண்ணைப் பதினான்கு பேர் முன்னிலையில் என் வீட்டு ஜெபக்கூட்டத்திலிருந்து வெளியே அனுப்பினேன். அவள் பேசியது வேதத்தின்படி சரி. நான் போதித்தது பொய். இதை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு எழுதலாம் என்று வைத்தால், என் பழைய பெருமை இதற்கும் ஒரு நல்ல காரணம் கண்டுபிடித்துவிடும்.

பிரியமானவர்களே, ஆண்டவர் எனக்குச் செய்ததை உங்களுக்குச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. அத்தனை சந்தோஷம்!

எனக்கு எழுபத்தொரு வயது. உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். சுங்குவார்சத்திரத்தில் குடியிருக்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் இந்தப் பக்கம் கம்பெனிகள் வர வர, தெற்கேயிருந்து பிள்ளைகள் வேலைக்கு வந்து ஓர் அறைக்கு ஐந்து பேர், ஆறு பேர் என்று தங்கினார்கள். ஞாயிறு மாலையில் அவர்களைக் கூட்டி என் வீட்டில் ஜெபம் நடத்தினேன். என் மனைவி கமலா எல்லாருக்கும் காபி போடுவாள்.

1999இல் ஒரு பிரசங்கியார் எங்களிடம் வந்தார். பெயர் வேண்டாம். அந்த வருடம் முடிவதற்குள் ஆண்டவருடைய இரண்டாம் வருகை நடக்கும் என்று தமக்கு வெளிப்பட்டதாகச் சொன்னார். அவர் பேச்சில் நெருப்பு இருந்தது, ஆதாரம் இல்லை. ஆதாரத்தை நான் கொடுத்தேன். வேதத்தில் தீர்க்கதரிசிகள் சொன்ன வாரங்களையும் ராஜாக்களின் ஆண்டுகளையும் கூட்டிக் கழித்து, பெரிய சார்ட் தாளில் நான்கு நிறத்தில் அட்டவணை போட்டேன். விடை டிசம்பர் மாதத்தில் வந்து நின்றது. நான் விரும்பிய இடத்தில் வந்து நிற்கும்வரை கூட்டினேன் என்பதே நிஜம்.

அந்த அட்டவணையைச் சுவரில் மாட்டி விளக்கிய மாலையில்தான் எஸ்தர் எழுந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வேலை.

"சார், ஒரு சந்தேகம். அந்த நாள் எதுன்னு யாருக்குமே தெரியாதுன்னு இயேசப்பாவே சொல்லியிருக்காருல்லா? பொறவு நாம எப்பிடிக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க?"

"நீ எதுவரை படித்திருக்கிறாய்?" என்று கேட்டேன்.

"பத்தாவது சார். ஆனா நான் இன்ஸ்பெக்‌ஷன்ல இருக்கேன். மேனேஜரே கொண்டாந்து குடுத்தாலும் கேஜ் வச்சு அளந்து பாக்காம ஒரு பீஸ அனுப்ப மாட்டோம். இது ஆத்துமா காரியம்லா சார். அளந்து பாக்காண்டாமா?"

பின்னாலிருந்து யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் என்னைச் சுட்டது.

"சந்தேக ஆவி உள்ளவள் இங்கே வேண்டாம். வெளியே போ. இனி இவளோடு யாரும் பேசக் கூடாது" என்றேன்.

போனாள். அவளோடு ஒரே அறையில் தங்கியிருந்த பிள்ளைகளும் என் சொல்லைக் கேட்டார்கள். மூன்று மாதம் ஒருவரும் அவளிடம் வாய் திறக்கவில்லை. பிறகு அவள் அறையைக் காலி செய்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். அன்று எனக்கு அது வெற்றியாகத் தெரிந்தது. ஆண்டவர் மன்னிப்பாராக.

2000 ஜனவரி முதல் தேதி விடிந்தது. பால் பாக்கெட் வந்தது. கம்பெனி பஸ் தெருமுனையில் ஆரன் அடித்துவிட்டுப் போனது. என் பேச்சை நம்பி வேலையை விட்ட மூன்று பேர் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பொன்ராஜ் என்பவன் என்னைப் பார்த்துக் கேட்டான்: "சார், பஸ் போயிட்டு. இப்ப நாங்க எங்க போவ?"

நான் எழுந்து உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இரண்டு வாரத்தில் பிரசங்கியாரிடமிருந்து கடிதம் வந்தது. மாஸ்டர், உங்கள் கணக்கில் ஏதோ பிழை, சரிபார்த்து அனுப்பவும் என்று எழுதியிருந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? பென்சிலைச் சீவிக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தேன்! கமலா காபியைக் கொண்டுவந்து வைத்தவள் தாளைப் பார்த்தாள்.

"மறுபடியுமா? அந்தப் பொண்ணு கேட்டுச்சே, அதுக்கு மொதல்ல பதில் எழுதுங்க. அப்புறம் இதப் போடுங்க."

பென்சில் நகரவில்லை. அட்டவணையைக் கிழித்தேன். ஆனால் மனந்திரும்பவில்லை, சகோதரரே. வெட்கப்பட்டேன், அவ்வளவுதான். கூட்டத்தை நிறுத்தினேன். ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போவதை விட்டேன். ஜெபம் வாயில் வரவில்லை. மூன்று ஆண்டுகள், ஊரில் நல்ல மனிதனாகவும் உள்ளே செத்தவனாகவும் இருந்தேன்.

2003இல் ஒரு நாள் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பொன்ராஜைப் பார்த்தேன். அவன் வேறு வேலை தேடிக்கொண்டு, தன் ஊர்ச் சபைக்காரர்களோடு சேர்ந்து விசுவாசத்திலும் நிலைத்திருந்தான். எஸ்தரைப் பற்றிக் கேட்டேன். அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"அவ எந்தச் சபைக்கும் போவதில்ல சார். வேதத்தக்கூடத் தொடுவதில்லயாம். 'சரியாச் சொன்ன என்னைய வெளிய தள்ளும்போது ஆண்டவரும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தாரு'ன்னு கேக்காளாம்."

பொய்யை நம்பியவன் நிற்கிறான். பொய்யைக் கண்டுபிடித்தவள் விழுந்துகிடக்கிறாள். என் கையால்! அன்று வீட்டுக்கு வந்து, மூன்று ஆண்டுக்குப் பிறகு முதல்முறையாக முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, என்னை நீர் தள்ளினாலும் சரி. என்னால் அந்தப் பிள்ளை கெட்டுப்போக விடாதேயும். அவளை எனக்குக் காட்டும்." இது ஒன்றுதான் ஜெபம்.

அவள் வேலை பார்த்த கம்பெனி வாசலில் போய் நின்றேன். தினமும் ஷிப்டு விடும் நேரத்தில் முகம் முகமாகப் பார்த்தேன். வாசலில் இருந்த காவலாளி கிண்டலடிப்பார்: "இன்னா பெர்சு, டெய்லி டூட்டிக்கு வர்றே, சம்பளம் யாரு குடுக்குறாங்கோ?" எஸ்தரைப் பற்றி அவரிடம் கேட்கமாட்டேன். கேட்டால் ஏன் தேடுகிறேன் என்று சொல்லவேண்டுமே! பதினோராம் நாள் மழை பிடித்துக்கொண்டது. அவர் தம் அறைக்குள் கூப்பிட்டு நிற்கவைத்தார். அங்கே என்னவோ உடைந்தது எனக்குள். முன்பின் தெரியாத அந்த மனிதரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அட, எஸ்தரா?" என்றார். "இத்த மொத நாளே கேக்கறதுக்கு இன்னா? அது ஒரகடம் பக்கம் வேற கம்பெனிக்குப் போயிட்ச்சி. வடக்குப்பட்டுல என் மச்சினிச்சி வூட்டாண்டதான் குடி கீது. காலைல ஆறு மணிக்கு பஸ்சுக்கு நிக்கும், போய்ப் பாரு. கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போறேன், உனக்கும் சேத்து வேண்டிக்கிறேன்."

அவர் நம்பிக்கை வேறு. ஆனால் என் ஆண்டவர் அவர் வாயில் பதிலை வைத்திருந்தார்! நான் பாவத்தை அறிக்கையிடும்வரை அந்தப் பதில் பதினொரு நாளும் எனக்கு நாலடி தூரத்தில் உட்கார்ந்திருந்தது. மழையிலேயே வீட்டுக்கு நடந்தேன். கமலா பயந்துவிட்டாள்; நான் பாடிக்கொண்டு வந்தேனாம்.

மறுநாள் காலை எஸ்தரைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் முகம் மாறவில்லை.

"தனியா வந்து சொல்லுதீய சார். வெளிய போன்னு சொன்னது எல்லாருக்கும் முன்னாலல்லா? அவங்களுக்கு முன்னால சொல்லுங்க. அதுவரைக்கும் நான் வெளியதான் நிக்கேன்."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

அந்தப் பதினான்கு பேரும் பல கம்பெனிகளில், பல ஷிப்டுகளில் சிதறியிருந்தார்கள். ஒரே இடத்தில் கூட்டவே முடியாது. ஆகவே ஒவ்வொருவரிடமும் நானே போனேன். ஒன்பது பேர் இந்தப் பக்கமே இருந்தார்கள். பஸ் நிறுத்தத்தில், அறை வாசலில், கம்பெனி கேட்டில் நின்று, "எஸ்தர் சொன்னது சரி, நான் சொன்னது பொய்" என்றேன். ஊருக்குத் திரும்பிய ஐந்து பேருக்கு அதையே கடிதமாக எழுதினேன். ஒருவன் நண்பர்கள் நடுவே, "அடுத்த தேதி எப்ப சார்? லீவு சொல்லணும்லா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இந்த முறை அது சுடவில்லை. அவளோடு பேசாமல் ஒதுங்கிய அறைத் தோழி ஒருத்தி, அன்றே வடக்குப்பட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

ஞாயிறு மாலைக் கூட்டம் மறுபடி தொடங்கியது. இப்போது யார் வேண்டுமானாலும் நடுவில் எழுந்து, "எங்கே எழுதியிருக்கிறது?" என்று கேட்கலாம். மூன்றாம் வாரம் எஸ்தர் தோழியோடு வந்தாள். "கேக்க மட்டுந்தான் வந்தேன் சார். ஜெபிக்கச் சொல்லாதீய" என்றாள். சொல்லவில்லை. ஒவ்வொருவராக ஜெபிக்கையில், அவள் முறை வரும்போது அடுத்தவர் ஜெபிப்பார். ஐந்து வாரம் அப்படியே போனது.

ஆறாம் வாரம். அடுத்தவர் தொடங்குவதற்குள் மெல்லிய குரல் கேட்டது:

"ஆண்டவரே, எஸ்தர் வந்திருக்கேன்."

கமலா எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

இதை வாசிக்கிறவரே, கேள்வி கேட்காதே என்று ஒருவர் போதித்தால், அவர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும் நம்பாதீர்கள். என்னையும் சேர்த்தே சொல்கிறேன். உங்களால் யாராவது விசுவாசத்தை விட்டு விலகியிருந்தால், அவர் பெயரைச் சொல்லி இன்றைக்கே முழங்காலில் நில்லுங்கள். பிறகு எழுந்து அவரைத் தேடிப் போங்கள். ஆண்டவர் அவரைக் கொண்டுவருவார். போகிற வழியில் உங்களையும் கொண்டுவருவார்.