ராகு காலத்தில் ஆர்தரின் கதிரை

எடின்பரோவில் ஒரு மலை இருக்கிறது. அதை நான் இன்றுவரை பார்த்ததில்லை. ஆனால் அதைப் பற்றி யாராவது பரீட்சை வைத்தால் கட்டாயம் சித்தியடைவேன். எழுபதுகளின் நடுவில் எனக்குப் பேசப்பட்ட மாப்பிள்ளை தொலைபேசியில் என்னோடு கதைத்த இரண்டு தடவையும் அந்த மலையைப் பற்றித்தான் கதைத்தார். அதன் பெயர் ஆர்தர்ஸ் சீற். சீற் என்றால் இருக்கைதானே என்று அண்ணன் அதைத் தமிழாக்கி 'ஆர்தரின் கதிரை' என்று வைத்திருந்தார்.

மாப்பிள்ளை டொக்டர். எடின்பரோவில் மேற்படிப்பு முடித்துவிட்டு சிட்னியில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்கு வந்திருந்தார். நான் மெல்பேர்ணில், நோபல் பார்க்கில், அண்ணனோடும் அண்ணியோடும் இருந்தேன். பகலில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் இரத்தம் சோதிக்கிற வேலை, மாலையில் பட்டப் படிப்பு. படிப்பு பாதிதான் முடிந்திருந்தது. அவரிடம் நான் கேட்க விரும்பியது ஒன்றே ஒன்று. கலியாணம் முடிந்த பிறகு மிச்சப் படிப்பை முடிக்க விடுவாரா? முதல் தடவையே கேட்கப் பார்த்தேன்.

"எனக்கு உங்களிட்டை ஒரு விசயம் கேக்கோணும்."

"நேரிலை ஆறுதலாக் கதைப்பம்," என்றார். "உங்கடை ஊரிலையும் ஒரு ஆர்தர்ஸ் சீற் இருக்காம். ஸ்கொட்லாந்து மலையின்ரை பேரைத்தான் வைச்சிருக்கிறாங்கள். அங்கை சந்திப்பம். நாங்கள் ரெண்டுபேரும் கொஞ்சத் தூரம் நடந்து கதைக்கலாம்."

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் குரல் எனக்குப் பிடித்திருந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் வீட்டுக்கு வந்து பலகாரம் தின்றுவிட்டுப் போகிற காலத்தில், மலையில் நடப்போம் என்று ஒருவர் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்காது? நான் அந்தக் கிழமை முழுவதும் சந்தோஷமாகவே இருந்தேன்.

அது ஜூன் மாதம், நல்ல குளிர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணனின் பழைய ஹோல்டன் காரில் புறப்பட்டோம். அண்ணி கட்லட்டும் வடையும் சுட்டு, பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றி, ஊரையே கூட்டிக்கொண்டு போகிறவள் மாதிரி மூட்டை கட்டியிருந்தாள். எனக்குக் காஞ்சிபுரம் சேலை, அதற்கு மேல் அண்ணனின் ஓவர்கோட். கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது.

கடற்கரையை ஒட்டிப் போகிற அந்த வீதியில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம். டிரொமானா என்ற ஊரில் இடப்பக்கம் திரும்பினால் மலை. அதை மலை என்று சொல்லுவதே மரியாதைக்குத்தான். கார் இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு ஏறி முடித்துவிடும். உச்சியில் கார் நிறுத்துமிடம், கல்லால் கட்டிய ஒரு பார்வைக் கோபுரம், ஆட்களைக் கம்பியில் தூக்கி வருகிற கதிரைகள். சுற்றிவர யூக்கலிப்டஸ் மரம். ஸ்கொட்லாந்து என்பதற்கு ஒரே அடையாளம் பெயர்ப்பலகை. எங்கே போய் இறங்கினாலும் தங்கள் ஊர்ப் பெயரை ஒட்டிவிட்டுத்தான் வெள்ளைக்காரனுக்கு நித்திரை வரும்.

நாங்கள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். அவர்களைக் காணவில்லை. மாப்பிள்ளை முதல்நாளே வந்து மெல்பேர்ணின் மற்றக் கரையில் இருந்த தன் அக்கா வீட்டில் தங்கியிருந்தார். அந்த அக்கா நல்ல நேரம் பார்த்துத்தான் வாசலைத் தாண்டுவாவாம். நல்ல நேரம் பிந்தி வந்தபடியால் அவர்களும் பிந்திப் புறப்பட்டு, நல்ல நேரத்தில் வெளிக்கிட்டு நேரே ராகு காலத்தில் வந்து இறங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை நாலரை.

இறங்கினார்கள் என்பதும் பிழை. யாரும் இறங்கவில்லை. அக்கா கார்க் கண்ணாடியை இரண்டு விரல் அளவுக்குத் திறந்து அண்ணனைக் கைகாட்டிக் கூப்பிட்டா. அண்ணன் போய்க் கேட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

"ஆறு மணி வரைக்கும் ஒருத்தரும் இறங்கக் கூடாதாம். ஆளையாள் பாக்கவும் கூடாதாம். எங்கடை காரைக் கொஞ்சம் திருப்பி விடட்டாம்."

அண்ணன் காரைத் திருப்பினார். எங்களுக்கு முன்னால் இப்போது கக்கூஸ் கட்டடம். எங்களுக்குப் பின்னால், மாப்பிள்ளையின் காருக்கு முன்னால், முழுக் கடலும்.

ராகு காலம் பகலை எட்டாகப் பிரித்தால் வருகிற ஒரு பங்கு. ஞாயிற்றுக்கிழமைக்கு அது கடைசிப் பங்கு, சூரியன் விழுந்தால் அதுவும் முடிந்தது. யாழ்ப்பாணத்தில் சூரியன் ஆறு மணியளவில் விழும். மெல்பேர்ண் ஜூன் மாதத்தில் ஐந்து மணிக்கே விழுந்துவிடும். அக்கா ஊரில் பாடமாக்கிய மணிக்கணக்கை அப்படியே கைப்பையில் கொண்டு வந்திருந்தா. அண்ணன் இன்னொரு தடவை போய் நியாயம் கேட்டார்.

"அக்கா, சூரியனே போகப் போகுது. பேந்து ராகு ஆருக்காண்டி இருக்கிறான்?"

"தம்பி, நீர் படிச்ச ஆள், இப்பிடிக் கதைக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றினாவாம்.

அண்ணி ஒரு கட்லட்டை எடுத்து என் கையில் வைத்தாள். நான் கக்கூஸ் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டு அதைத் தின்றேன். இருபத்தாறு வயதுப் பெண், சம்பளம் எடுக்கிறவள், பட்டுச் சேலை கட்டிக்கொண்டு இருந்த கோலம் அது. வெட்கமாக இருந்தது. பிறகு வெட்கம் கோபமாக மாறியது. கதவைத் திறந்தேன்.

"எங்கையடி போறாய்?" என்றாள் அண்ணி.

"மலை பாக்க வந்தனான். பாத்திட்டு வாறன்."

விளிம்புவரை நடந்தேன். காற்று முகத்தில் அறைந்தது. கீழே டிரொமானாவில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. கடல் வளைந்து, தகரம் போல மினுங்கிக்கொண்டு கிடந்தது. ஒரு கப்பல் கடல்வாயை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. வடக்கே வெகு தூரத்தில் மெல்பேர்ண் ஒரு கறுத்த கோடு. முகில் கொஞ்சம் விலகி, மலைச்சரிவில் நின்ற மரங்களின் தலை மட்டும் சிவந்தது. நிறுத்திவிட்ட கதிரைகள் கம்பியில் வெறுமையாக ஆடின. அழகுதான். அதற்கு எடின்பரோவின் தயவு தேவைப்படவில்லை.

திரும்பி வரும்போது வேண்டுமென்றே அவர்களுடைய காரின் அருகால் வந்தேன். உள்ளே இரண்டு பேரும் விட்ட மூச்சில் கண்ணாடியெல்லாம் பனிப்புகார் பிடித்திருந்தது. கழுத்தில் கிடந்த கட்டம்போட்ட ஸ்கொட்லாந்து சால்வையால் அவர் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த இடத்தில் என்னைக் கண்டார். சிரிக்கப் போனார். கண்ணாடி இறக்குகிற பிடியில் கையும் வைத்துவிட்டார். அக்கா ஏதோ சொன்னா. கை பிடியிலிருந்து எடுபட்டு மடிக்குப் போயிற்று. பிறகு அவர் அந்தக் கையையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறு மணிக்கு அக்கா இறங்கினா. நல்ல இருட்டு. மலையுமில்லை, கடலுமில்லை. காரின் முன்விளக்கைப் போடச் சொன்னா.

"பிள்ளை, இந்தப் பக்கம் வாரும். முகம் தெரியேல்லை."

முயலை வெளிச்சத்தில் பிடிக்கிற மாதிரி என்னை நிற்கவைத்துப் பார்த்தார்கள். பார்த்து முடிந்ததும், பிள்ளையள் கதைக்கட்டும் என்று பெருந்தன்மையோடு விலகிப் போனார்கள். நான் ஒரு கிழமையாகக் காத்திருந்த நேரம் அதுதான்.

"வியூ எப்பிடி இருந்தது?" என்றார்.

"நல்லா இருந்தது."

"எண்டாலும் எடின்பரோ மலையோடை இதை ஒப்பிடேலாது."

கையெட்டும் தூரத்துக்கு அப்பால் எதையும் பார்க்காத மனிதர் சொன்னார் இதை. நான் அந்தக் கதையை விட்டேன்.

"என்னைக் கண்டனீங்கள்தானே. ஏன் இறங்கேல்லை? ராகு காலத்திலை அவ்வளவு நம்பிக்கையோ?"

"சீச்சீ, எனக்கு இதிலையெல்லாம் நம்பிக்கை இல்லை," என்று சிரித்தார். "அக்காவுக்கு மனம் நோகும். அவ சொன்னா நான் தட்டமாட்டன்."

நம்பிக்கை இருக்கிறது என்று சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன், சத்தியமாக. நம்பாத ஒன்றுக்காகக் கார்க் கண்ணாடியைக்கூட இறக்க முடியாத மனிதர், நாளைக்கு அக்கா வேண்டாம் என்றால் என் புத்தகங்களுக்காக வாய் திறப்பாரா?

"ஏதோ கேக்கோணும் எண்டனீங்கள்?" என்றார்.

"ஒண்டுமில்லை. குளிருது. போவம்."

இறங்கி வரும் வழியில் அண்ணன், "படிப்பைப் பற்றிக் கேட்டனியோ?" என்றார். கேட்கத் தேவை வரவில்லை, எனக்குச் சரிவராது, சொல்லிவிடுங்கள் என்றேன். நாலு நாள் பொறுத்துச் சொல்லுவோம், உடனே சொன்னால் மரியாதையில்லை என்றார் அவர். எங்கள் ஆட்களின் மரியாதை அது.

அந்த நாலு நாள் முடியமுதல் அக்காவே அண்ணிக்கு போன் எடுத்தா. பிள்ளை வடிவுதானாம், வேலையும் நல்லதாம். ஆனால் ராகு காலத்தில் தன்பாட்டுக்கு இறங்கித் திரிந்த பெட்டையாம், சொல்வழி கேட்கமாட்டாளாம், தம்பிக்குச் சரிவராதாம்.

அண்ணி போனை வைத்துவிட்டு அழுதாள். முந்திச் சொல்லாமல் விட்டோமே என்று அண்ணன் குசினிக்கும் விறாந்தைக்கும் நடந்தார். நான் குசினி மேசையில் புத்தகத்தை விரித்து வைத்திருந்தேன். அடுத்த கிழமை எனக்குப் பரீட்சை.

"அவ சரியாத்தான் சொல்லியிருக்கிறா, அண்ணி," என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து படிக்கத் தொடங்கினேன்.